முனியசாமிக்கு ஞாபகம் இல்லாத ஆட்டம்

1. வேலைக்குச் சேர்ந்தது

என்னை வேலைக்கு எடுத்த மேனேஜர் கேட்டது ஒரே கேள்விதான்.

"மூட்டுக்கு டேப் ஒட்டத் தெரியுமாம்மா?"

தெரியும் என்றேன். "அப்ப நாளைக்கே வந்துருங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்போது நான் பிசியோதெரபி முடித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். பக்கவாதம் வந்த பெரியவர்களின் கையையும் காலையும் நீட்டி மடக்குவது வேலை. சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். வீட்டில் மிளகாய் விவசாயம். விளையாட்டு அணிக்குப் பிசியோவாகப் போகிறேன் என்றதும் அய்யா, "என்ன வெளயாட்டு?" என்று கேட்டார். அமெரிக்கன் ஃபுட்பால் என்றேன். "அமெரிக்காக்காரன் ஆடுறது நம்ம பயலுகளுக்கு எதுக்கு?" என்றார்.  

இதைப் படிக்கிற இளம் பிசியோக்கள் பலருக்கு அந்த ஆட்டம் நம் பக்கம் நடந்ததே தெரிந்திருக்காது. வெளியூர்ப் பணக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார்கள். கடற்கரை மாவட்டங்களுக்கென்று ஒரு அணி. ஃபுட்பால் என்பது பெயரளவில்தான், காலால் உதைப்பது குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் கோட்டைத் தாண்டி ஓட வேண்டும். தாண்டினால் டச்டவுன். ஓடுகிறவனை மற்றவர்கள் மறித்துச் சாய்ப்பார்கள். அதனால் ஆள் பிடிக்க வந்தவர்கள் நேராகக் கபடி ஆடுகிற ஊர்களுக்குத்தான் போனார்கள்.

முனியசாமி அப்படி வந்தவன். திருப்பாலைக்குடி. அப்பாவோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன், கபடியில் பாடிப்போகிற ரெய்டர். நான் பார்த்த முதல் நாள் அவன் தோளில் அடி தாங்கும் பேட் கட்டிக்கொண்டு முகம் பார்க்கக் கண்ணாடி தேடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, நல்லாருக்கா? எங்க அம்மா பாத்தா சாமி வந்துருச்சுன்னு வேப்பல எடுத்துரும்."

2. கோச் சொல்லிக் கொடுத்தது

கோச் ஒரு அமெரிக்கர். வயது ஐம்பதுக்கு மேல். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் தழும்பு. வெயில் அவரைச் சுட்டுச் சிவப்பாக்கியிருந்தது. வாரம் ஒருமுறை பையன்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போய் மணலில் ஓடவிடுவார். இடிந்த தேவாலயத்தைப் படம் எடுக்க வந்த சுற்றுலாக்காரர்கள் அதை விட்டுவிட்டு ஹெல்மெட் போட்ட எங்கள் பையன்களைப் படம் எடுத்தார்கள்.

மணலில் முனியசாமியைப் பிடிக்க யாராலும் முடியாது. பிடிக்க வருகிறவனை நெருங்க விட்டு, கடைசி நொடியில் இடுப்பை ஒடித்துத் திரும்புவான். அது கபடிக் கோட்டில் பழகிய திருப்பம். கோச் அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மணலில் எறிந்தார். சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

கோச் எனக்கும் ஒன்று கற்றுக்கொடுத்தார். கன்கஷன். தலை பலமாக மோதும்போது மூளை மண்டை ஓட்டுக்குள் குலுங்கிப்போவது. ரத்தம் வராது, வீக்கம் தெரியாது, ஆள் எழுந்து நடப்பான். அவனிடம் எங்கே இருக்கிறாய், எதிரணி எது, ஸ்கோர் என்ன என்று கேட்க வேண்டும். தடுமாறினால் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது அடி உயிரையே எடுத்துவிடலாம். கல்லூரியில் ஒரு பக்கத்தில் படித்ததை அவர் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து விளக்கினார். கூட ஆடிய நண்பன் ஒருவன் இப்போது சொந்தப் பிள்ளைகளின் பெயரை மறந்துவிட்டான் என்றும் சொன்னார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அதனால் அவருக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

3. மழைக்குப் பிந்தைய ஆட்டம்

அந்த சீசனின் ஆட்டங்களெல்லாம் வெளியூரில் ஒரே மைதானத்தில் நடந்தன. கேலரியில் ஆள் கிடையாது. எல்லாவற்றையும் கேமராவில் எடுத்துவைத்து, சில மாதம் கழித்து டிவியில் போடுவார்கள். அதுவரை யார் ஜெயித்தார்கள் என்று வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது. எங்கள் அணி முதலில் தோற்றது, பிறகு ஜெயித்தது, மறுபடி தோற்றது. அடுத்ததை ஜெயித்தால்தான் மேலே போக முடியும் என்ற நிலை. அன்று காலை மழை பெய்து தரை வழுக்கியது.

முதல் பாதியில் முனியசாமி பந்தோடு திரும்பும்போது கால் சறுக்கியது. எதிரணிக்காரனின் முழங்கால் அவன் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் இடித்தது. எழுந்தான். எதிரணி நிற்கிற பக்கமாக நடந்துபோனான். பையன்கள் சிரித்தார்கள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து சைட்லைனுக்குக் கூட்டிவந்தேன்.

"முனியசாமி, இப்ப எங்கன இருக்க?"

"தொண்டில."

"என்ன மேட்ச் ஓடுது?"

"கபடிதானக்கா. என்னக்கா கேக்குறீங்க?" காலி கேலரியைத் திரும்பிப் பார்த்தான். "அய்யா வந்துருக்காகளா?"

ஹெல்மெட்டைக் கழற்றி நானே வைத்துக்கொண்டேன். ஹெல்மெட் இல்லாமல் உள்ளே போக முடியாது, அதனால் அதை எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதும் கோச் சொல்லிக் கொடுத்ததுதான். அவரிடம் போய், இவன் இன்றைக்கு ஆடக்கூடாது என்றேன். அவர் தலையாட்டினார். மேனேஜர் பக்கத்தில் வந்தார்.

"என்னம்மா, நல்லாத்தான நிக்கிறான்?"

"சார், எந்த ஊர்ல இருக்கோம்னே அவனுக்குத் தெரியல."

"நம்ம பயலுக கட்டுமரத்துலேர்ந்து விழுந்து எந்திரிக்கிறவய்ங்கம்மா. டிவிக்காரன் இவனத்தான் கேக்குறான். கொஞ்ச நேரத்துல சரியாயிரும் பாருங்க."

"சரியானாலும் இன்னைக்கு ஆடக்கூடாது சார்."

அவர் டிவிக்காரர்கள் பக்கம் நடந்துபோனார். முனியசாமியை பெஞ்சில் உட்கார வைத்து, ஹெல்மெட்டை மைதானத்து ஓரம் நின்ற ஆம்புலன்ஸில் போட்டுக் கதவைச் சாத்தினேன். இரண்டாம் பாதியில் வேறொரு பையனுக்குத் தோள் மூட்டு கழன்றது. அவனை உடை மாற்றும் அறைக்குக் கொண்டுபோய் ஆம்புலன்ஸில் வந்திருந்த டாக்டரோடு சேர்ந்து மூட்டை ஏற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே பெரிய சத்தம் கேட்டது. பிறகு சுத்தமாக ஒன்றும் கேட்கவில்லை.

நான் வெளியே வந்தபோது முனியசாமி கடைசிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மல்லாந்து கிடந்தான். பந்து கக்கத்தில் அப்படியே இருந்தது. தலையில் வேறு யாருடையதோ ஹெல்மெட். கண்மணிகளில் ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக. கோச் மண்டிபோட்டுக்கொண்டு அவன் பெயரைத் தப்புத்தப்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம்.

4. ஆஸ்பத்திரியில்

மூளையில் ரத்தக்கசிவு. மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்தான். ஆபரேஷன் நடக்கும்போதே அவன் அப்பாவும் அம்மாவும் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டது.

"என்னத்தா ஆச்சு எம்புள்ளைக்கு? ஆட்டத்துல என்ன நடந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் குறுக்கே வந்தார். குரலைத் தணித்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, அடிபட்டுருச்சு, வைத்தியம் பாக்குறோம். ஆட்டத்தப் பத்தி மட்டும் இப்ப எதுவும் கேக்காதீங்க. ஊர்லயும் சொல்லிராதீங்க. டிவில வார வரைக்கும் வெளிய தெரியக்கூடாது."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "டிவில வந்தாத்தான் என்னன்னு தெரியுமா?" என்று கேட்டது. கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டது.

எனக்குத் தெரிந்த அளவில் நடந்ததை முழுவதும் சொன்னேன். மேனேஜர் எதிரிலேயே சொன்னேன். யார் அவனை மறுபடி உள்ளே அனுப்பினார்கள் என்று அவன் அப்பா கேட்டார். நான் அறைக்குள் இருந்தேன், பார்க்கவில்லை என்றேன். அவனே கேட்டுப் போனான் என்றார் மேனேஜர். கோச் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடுத்த நாள் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோச் சீசன் முடியும்வரை இருந்தார். அப்புறம் ஊருக்குப் போய்விட்டார் என்று பையன்கள் சொன்னார்கள்.

5. திருப்பாலைக்குடியில் டிவி

மறுபடி மருத்துவமனை வேலையில் சேர்ந்தேன். விடுமுறை நாட்களில் திருப்பாலைக்குடிக்குப் போய் முனியசாமிக்கு நடைப் பயிற்சி கொடுத்தேன். இடது கால் இழுத்தது. நேர்க்கோட்டில் நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். வெளிச்சம் பட்டால் தலை பிளந்தது. தண்ணீரில் வெயில் அடித்து மின்னுவதை அவனால் பார்க்கவே முடியவில்லை, அதனால் வள்ளத்தில் ஏறுவது நின்றுபோனது. சின்ன விஷயத்துக்கெல்லாம் தட்டைத் தூக்கி எறிந்தான். எறிந்ததும் அழுதான்.

அந்த ஆட்டம் ஒளிபரப்பாகிற நாள் வந்தது. ஊர்ப் பையன்கள் மீன் ஏலக் கொட்டகையில் பெரிய டிவி வைத்து ஊரையே கூட்டிவிட்டார்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். முனியசாமி கேட்கவில்லை. "நான் ஆடுனத நானே பாக்கலக்கா. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. எல்லாரும் பாக்கும்போது நான் மட்டும் பாக்கக் கூடாதா?" என்றான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான்.

அவன் பந்தோடு ஓடும்போதெல்லாம் விசில். "ஏலே, ஓடுறா ஓடுறா!" என்று கூட்டம் கத்தியது. முழங்கால் இடித்ததைக் காட்டினார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதைக் காட்டினார்கள். அதன் பிறகு காட்டியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

மேனேஜர் வேறொரு ஹெல்மெட்டோடு பெஞ்சுக்கு வருகிறார். முனியசாமி வாங்கி மாட்டுகிறான். தாடைக்குக் கீழே வாரைப் பூட்டத் தெரியவில்லை. விரல் அந்தக் கொக்கியைத் தேடித் தேடித் தவறுகிறது. மேனேஜர் குனிந்து அதைப் பூட்டிவிட்டு முதுகில் தட்டுகிறார். ஓர் அடி தள்ளி கோச் நிற்கிறார், பார்க்கிறார், மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொள்கிறார். வர்ணனையாளர் "என்ன ஒரு போராட்ட குணம்! அடிபட்ட சிங்கம் திரும்பி வருகிறது!" என்று கத்துகிறார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்து டச்டவுன், இரண்டு பேர் இரண்டு பக்கமும் வந்து மோதுவது. அதை மெதுவாக்கி, பாட்டுப் போட்டு, மறுபடி மறுபடி காட்டினார்கள்.

கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவன் அம்மா எழுந்துபோய் டிவிக்கு முன்னால் நின்றுகொண்டது. திரை மறைந்தது. யாரும் நகரச் சொல்லவில்லை.

முனியசாமி என்னைப் பார்த்து, "நானாத்தான் போனேன்னு சொன்னாகளேக்கா" என்றான். "நாங் கேட்டுத்தான் போனேன்னு நெனச்சு எங்க அய்யா எங்கிட்ட இத்தன நாளா சரியாப் பேசுறதே இல்லக்கா."

அவன் அப்பா பின்னால்தான் இருந்தார். எழுந்து வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

மறுவாரம் முனியசாமி, அவன் அப்பா, நான் மூன்று பேரும் அணியின் ஆபீசுக்குப் போனோம். போர்டைக் கழற்றியிருந்தார்கள். லீக் ஒரு சீசனோடு முடிந்துவிட்டது என்று கீழ்க்கடைக்காரர் சொன்னார். டிவி நிறுவனத்துக்கு போன் செய்து அந்தக் காட்சியை இனிமேல் போட வேண்டாம் என்று கேட்டேன். எதிர்முனையில் ஒரு பையன் உற்சாகமாக, "மேடம், அதுதான் எங்க பெஸ்ட் கிளிப்" என்றான்.

முனியசாமி இப்போது தொண்டிப் பக்கம் ஒரு ஐஸ் பிளான்டில் வேலை செய்கிறான். உள்ளே வெளிச்சம் கம்மி, அது அவனுக்குத் தோதாக இருக்கிறது. கல்யாணம் ஆகிவிட்டது. நல்ல நாட்களும் இருக்கின்றன. ஐஸ் ஏற்ற வருகிற மீனவர்களில் யாராவது, "டிவில வந்த ஆளுதான நீ?" என்று கேட்டால் அன்றைக்கு வேலையைப் பாதியில் விட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான்.

6. நான் கற்றுக்கொண்டது

இளையவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். டேப் ஒட்டுவது, மூட்டு ஏற்றுவது, கன்கஷன் கண்டுபிடிப்பது எல்லாம் பழகினால் வரும். அணியில் சேருகிற முதல் நாளே ஒன்றைக் கேளுங்கள்: நான் ஒருவனை உட்காரச் சொன்னால், அவனை எழுப்புகிற உரிமை யாருக்கு இருக்கிறது? யாருக்கும் இல்லை என்ற பதில் வராவிட்டால் அந்த வேலை வேண்டாம். நான் எங்கே போனாலும் கேட்கிறேன். அதனாலேயே பல வேலைகள் எனக்குக் கிடைக்கவில்லை.

போன மாதம் ஒரு கபடி அணிக்காரர் தேடிவந்தார். அதே கேள்வியைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "சூழ்நிலையப் பொறுத்தும்மா" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். புதிதாகப் படித்து வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டு, அவளை போனில் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த மாதிரி ஏதாவது வந்தா அவங்க பாத்துக்குவாங்க மேடம்" என்றாள்.

"எவங்கம்மா?" என்று கேட்டேன்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.