பாலில் கலந்த குரல்

வாஸ்திராவை ஜகார்த்தாவில் யாரும் வாஸ்திரா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மீன்காரி முதல் எங்கள் சந்துப் பள்ளிவாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் ரஸ்தி அத்தைதான். ரஸ்தி என்பது தொலைக்காட்சித் தொடரில் அவள் நடிக்கும் வேலைக்காரியின் பெயர். அதற்கு முன்பு நடித்த தொடர்களிலும் வேலைக்காரிதான். தொடர் மாறும், முதலாளியம்மா மாறுவார், அவள் தோளில் தொங்கும் துடைக்கிற துணி மட்டும் மாறாது. அந்தத் துணியைக் கொடுப்பவள் நான். பெயர் எந்தின், ஊர் காருத், வேலை உடைப் பகுதியில். புதுச் சட்டையை வாங்கித் தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கி அவளுக்கு மாட்டிவிடுவேன். வேலைக்காரி நல்ல துணி உடுத்தினால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாகிவிடுமாம். அப்படிச் சொன்ன புண்ணியவானை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வாஸ்திரா ஜாவாவின் வடகரையில் இருக்கும் தெகால் பக்கத்துக்காரி. எங்கள் தொலைக்காட்சியில் வக்கீலும் டாக்டரும் ஜகார்த்தா பேச்சுப் பேசுவார்கள். வேலைக்காரி வாயைத் திறந்தால் தெகால் பேச்சு வரவேண்டும், ஜனங்கள் சிரிக்கவேண்டும். வாஸ்திரா இந்த ஊருக்கு வந்து பாதி ஆயுள் ஆகிவிட்டது. நாங்கள் இருவரும் ஒரே அறையில் குடியிருக்கும் சந்தில் அவள் பேசுவது என்னைவிடச் சுத்தமான ஜகார்த்தா பேச்சு. ஆகவே படப்பிடிப்புக்கு முன்னால் தன் சொந்த ஊர்ப் பேச்சை அவள் ஒத்திகை பார்த்துக்கொள்வாள். ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக அழுத்தி அழுத்திச் சொல்லிப் பார்ப்பாள். இயக்குநர் ஹெர்லம்பாங் அந்தப் பக்கம் போகும்போது, "இன்னும் கொஞ்சம் கொச்சையா, அக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவளுக்கு ஒரே தங்கை, தார்னி. தார்னியின் கணவன் மீன்பிடிக் கப்பலில் போனவன், அப்படியே போய்விட்டான். இரண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, பெரிய மதில் போட்ட குடியிருப்பு ஒன்றில் ரெனித்தா அம்மா வீட்டில் தங்கிக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெனித்தா அம்மா எங்கள் தொடரை ஒருநாள் விடாமல் பார்ப்பவர். தார்னியின் அக்காதான் ரஸ்தி என்று தெரிந்ததும் வாஸ்திராவை வீட்டுக்கு அழைத்து, அவித்த கடலை கொடுத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். கையோடு தார்னிக்கு ரஸ்தி போடுவதுபோல் கட்டம்போட்ட சட்டை இரண்டு வாங்கிக் கொடுத்தார். அதுவரை தார்னி ஜீன்ஸும் பனியனும் போட்டிருந்தவள். எனக்கு அது அன்றைக்கே பிடிக்கவில்லை, ஆனால் வாஸ்திரா சிரித்துக்கொண்டுதான் வந்தாள்.

பிறகு தொடரில் ரஸ்தி எஜமானியின் சங்கிலியை எடுத்துப் சட்டை மடிப்பில் ஒளித்துவைத்தாள். அது வெறும் ஒரு வாரத்துக் கதை. ஆனால் அந்த வாரத்திலிருந்து தார்னி வெளியே கிளம்பும்போதெல்லாம் அவள் பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். குழந்தை அறையில் கேமரா வந்தது.

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதா?" என்று ரெனித்தா அம்மா சொன்னாராம். "ஆனா எங்கயோ நடக்காமயா எழுதுறாங்க?"

தங்கை இதைப் போனில் சொன்னபோது வாஸ்திரா மசால் அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மியை விட்டுவிட்டு எழுந்தாள். அந்த வேலை போனால் தார்னிக்கு வேறு வேலை கிடைக்காது, அதுதான் பயம். மதிலுக்குள் இருக்கும் வீட்டம்மாக்கள் எல்லாருக்கும் ஒரே வாட்ஸ்அப் குழு. ஒருத்தி சந்தேகப்பட்டால் அத்தனை பேரும் கதவைச் சாத்துவார்கள்.

இப்படி இருக்கையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

எங்கள் தொடர் அன்றாடம் எடுத்து அன்றாடம் ஒளிபரப்புவது. காலையில் எழுதுவார்கள், பகலில் எடுப்போம், படம்பிடிக்கும் வாடகை மாளிகையின் கார் கொட்டகையில் வெட்டி ஒட்டுவார்கள், அந்தி மக்ரிப் தொழுகை முடிந்ததும் நாடே பார்க்கும். முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைசிப் பகுதி மோட்டார் சைக்கிளில் நிலையத்துக்குப் போன நாட்களும் உண்டு. அன்று மதியச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கதைக்காரப் பெண் அங்கீத்தா காட்சித் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். ரஸ்தி தூக்க மாத்திரையைப் பொடித்துக் கைக்குழந்தையின் பாலில் கலக்கவேண்டும்.

வாஸ்திரா படித்தாள். திரும்பவும் படித்தாள். பொரித்த தெம்பே என்ற சோயாத் துண்டை வாயில் வைக்காமல் பொட்டலத்தை மூடினாள்.

"அங்கீத்தா, ரஸ்தி எதுக்கு இதப் பண்றா? அவ வளத்த பிள்ளைதான அது?"

"பார்வையாளர் எண்ணிக்கை விழுந்துருச்சுக்கா. யாராவது ஒருத்தர் கெட்டவங்களா ஆகணும்."

"டாக்டர் ஆகட்டுமே."

"டாக்டர் சங்கத்துலேர்ந்து வந்துருவாங்க. போன வருஷம் நர்ஸ வச்சு எழுதி மன்னிப்பு கேட்டோம். போலீஸ நினைச்சுப் பாக்கவே முடியாது. வக்கீலுன்னா நோட்டீஸ் வரும்." அங்கீத்தாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம். அவளும் தூங்கி நாளாகிறது. "உங்க ஆளுங்களுக்குத்தான் கேக்க யாரும் இல்லக்கா. நான் என்ன செய்ய?"

அவள் கொடுமைக்காரி இல்லை. அதனால்தான் எனக்கு அவள்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

வாஸ்திரா நேராக ஹெர்லம்பாங்கிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன், கையில் ஊசியோடு.

"அண்ணே, என் தங்கச்சி அந்த வேலதான் பாக்குறா. அந்த வீட்டுப் பாப்பாவுக்குப் பல்லு மொளைக்குது, காய்ச்ச மருந்து குடிச்சுட்டுப் பகல்ல தூங்குது. இன்னிக்கு ராத்திரி அந்தம்மா இதப் பாத்தா என் தங்கச்சிய என்னான்னு நினைப்பாங்க?"

"அக்கா, கத வேற வாழ்க்க வேற."

"உங்களுக்கு வேறண்ணே."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "முடியலன்னா சொல்லுங்க. உங்க சட்டைய வேற யாருக்காவது போட்டுவிடச் சொல்றேன். எந்தின் அளவெடுத்துப்பா."

என்னை ஏன் இழுக்கிறாய் என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் வாஸ்திரா, "நானே பண்றேன்" என்றாள். வேறொருத்தி வந்தால் இன்னும் கண்ணை உருட்டி இன்னும் கேவலமாகச் செய்வாள், தன் கையில் இருந்தாலாவது ஏதாவது செய்யலாம் என்று அவள் கணக்கு.

மாத்திரை பொடிக்கும் கைகளை முன்னாலேயே படம்பிடித்துவிட்டார்கள். அவை ஒப்பனைக்காரியின் கைகள். ரஸ்தியின் சட்டைக் கையை மாட்டிவிட்டால் யார் கையென்று எவன் பார்க்கப் போகிறான்? மிச்சம் இருந்தது வாஸ்திராவின் முகம். பாட்டிலைக் குலுக்கவேண்டும், தொட்டிலைப் பார்க்கவேண்டும், மெல்லச் சிரிக்கவேண்டும். கேமரா அவள் முகத்தை நோக்கிப் போகும். அப்போது ரஸ்தியின் மனசு பேசும். எங்கள் தொடர்களில் கெட்டவர்கள் வாயால் பேசமாட்டார்கள், மனசால்தான் பேசுவார்கள். அந்தக் குரலைப் பிறகு தனியாகப் பதிவுசெய்வார்கள். அந்த வாடகை மாளிகையில் சத்தமில்லாத இடம் என்று ஒன்று கிடையாது, அதனால் முற்றத்தில் நிற்கும் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசுவார்கள்.

வெளிச்சம் சரிசெய்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பாங்கு சொல்ல ஆரம்பித்தால் சத்தம் பதிவுசெய்ய முடியாது, அதற்குப் பிறகு ஒளிபரப்பு. ஒரே ஒரு தடவைதான் எடுக்க நேரம். எல்லாரும் குரலைத் தாழ்த்தி ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கேமரா ஓடியது. வாஸ்திரா பாட்டிலைக் குலுக்கினாள். தொட்டிலைப் பார்த்தாள். பிறகு ரப்பர் காம்பைத் திருகிக் கழற்றி, பாட்டிலை வாயில் வைத்து, பால் முழுவதையும் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தொட்டிலில் கிடந்த பொம்மையைப் பார்த்து, தெகால் கொச்சை ஏதுமில்லாமல் சொன்னாள்: "பாத்தியா கண்ணு, பாலு நல்லாத்தான் இருக்கு."

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்துப் பாங்கு தொடங்கியது.

எனக்கு வந்தது பெருமையா பயமா, சொல்லத் தெரியவில்லை. ஹெர்லம்பாங் தலையைக் கையில் தாங்கியபடி சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கீத்தாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். இருவரும் கார்ப் பக்கம் போனார்கள்.

"அங்கீத்தாவத் திட்டப் போறாரு" என்றேன்.

"திட்டட்டும்" என்றாள் வாஸ்திரா. "இனி மாத்த முடியாதுல்ல."

எங்கள் சந்தில் தெகால்காரர்களின் சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. சுவரில் தொலைக்காட்சி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பகுதி வந்துகொண்டிருந்தது. ஒப்பனைக்காரியின் கைகள் மாத்திரையைப் பொடித்தன. கடைக்காரர் கரண்டியோடு நின்று பார்த்தார். திரையில் வாஸ்திரா பாட்டிலை வாயில் வைத்தாள். "அட, அவளே குடிக்கிறாளே" என்று யாரோ சொன்னார்கள். கடைக்காரர் மனைவி வாஸ்திராவின் தோளைத் தட்டினாள்.

அப்போது ரஸ்தியின் மனசு பேசியது. அங்கீத்தாவின் குரல், தெகால் பேச்சை இழுத்து இழுத்து நடிக்கும் குரல். "ருசி தெரியுதான்னு மொதல்ல நானே குடிச்சுப் பாக்குறேன். ம், ஒண்ணும் தெரியல. நாளைக்குக் காலையில முழு பாட்டிலும் பாப்பாவுக்குத்தான்." வாஸ்திரா பொம்மையிடம் சொன்னதை எடுத்துவிட்டுப் பின்னணி இசையைப் போட்டிருந்தார்கள். அவள் வாயைத் துடைத்துக்கொண்டது அந்தக் குரலோடு சேர்த்துப் பார்க்கும்போது அசல் கள்ளியின் தோரணையாக இருந்தது. நானே பயந்தேன். அவளோடு ஒரே பாயில் படுத்து எழுந்தவள் நான்.

"நான் எதுவும் பேசலயே" என்றாள் வாஸ்திரா, திரையைப் பார்த்து. கடைக்காரர் தொலைக்காட்சியை அணைத்தார்.

பார்வையாளர் எண்ணிக்கை எகிறியது. ஹெர்லம்பாங் எல்லாருக்கும் கம்பியில் சுட்ட ஆட்டுக்கறி வாங்கிக் கொடுத்தார். ரஸ்தியின் காட்சிகள் கூடின, விடிய விடியப் படப்பிடிப்பு. மூன்றாம் நாள் தார்னி போனில் அழுதாள். இப்போது ஒவ்வொரு தடவையும் பாலில் கொஞ்சம் முதலில் அவள் குடிக்கவேண்டுமாம். குடித்துவிட்டு ரெனித்தா அம்மா எதிரில் உட்காரவேண்டும். தூக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குழந்தைக்குக் கொடுப்பார்.

"நான் போய்ப் பேசுறேன்" என்றாள் வாஸ்திரா. மறுநாள் காலை படப்பிடிப்பிலிருந்து நேராகப் போனாள். தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன்.

ரெனித்தா அம்மா மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். குளிர்ந்த தேநீர் வந்தது. வாஸ்திரா எல்லாவற்றையும் சொன்னாள், குரல் தன்னுடையது இல்லை, கைகூடத் தன்னுடையது இல்லை என்று. அவர் தலையாட்டிக் கேட்டார்.

"நான் தார்னிய நம்புறேன். ஆனா இது என் முதல் குழந்த. எனக்குப் பதிலா நீங்க இருந்தா என்ன செய்வீங்க?"

அதற்குள் பாலுக்கு நேரமாகிவிட்டது. தார்னி கட்டம்போட்ட சட்டையில் வந்தாள். கண் சிவந்திருந்தது. பாட்டிலிலிருந்து ஒரு குவளையில் ஊற்றிக் குடித்தாள். எதிர் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ரெனித்தா அம்மா மடியில் குழந்தை சிணுங்கியது.

"ராத்திரி முழுக்கத் தூங்கலம்மா பாப்பா" என்றாள் தார்னி. "தூக்கிட்டே நடந்தேன்."

"தெரியும்" என்றார் அவர். பார்வையை எடுக்கவில்லை.

கடிகாரச் சத்தம் கேட்டது. தார்னியின் தாடை இறுகியது. மூக்கு விடைத்து அடங்கியது. அவள் எதை விழுங்குகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் வாயையும் இறுக்கி மூடிக்கொண்டேன். வாஸ்திரா விடாமல் பேசினாள், ஊர் மழையைப் பற்றி, வெங்காய விலையைப் பற்றி, அவர் கண்ணைத் தங்கையிடமிருந்து திருப்ப. அவளும் கண்மூடி ஒரு நாளுக்கு மேலாகிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வாய் தானாகப் பிளந்தது. கையைக் கொண்டுபோவதற்குள் பெரிய கொட்டாவி ஒன்று வந்துவிட்டது.

தார்னி அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. அவள் வாயும் திறந்தது.

ரெனித்தா அம்மா சத்தம் போடவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். "துணியெல்லாம் எடுத்து வச்சுக்க, தார்னி" என்றார். வாஸ்திரா என்னென்னவோ சொன்னாள். அவர் அதற்குள் மாடிப்படி ஏறிவிட்டார்.

வாசலில் காவலாளி தார்னியின் பையைப் பிரித்துப் பார்த்து அனுப்பினான். மதிலை ஒட்டிக் கொஞ்ச தூரம் மூன்று பேரும் நடந்தோம்.

"இத்தன நாள் அடக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் தார்னி. அவள் குரலில் கோபம் இல்லை. "நீ வராம இருந்திருந்தா இன்னிக்கும் அடக்கியிருப்பேன்க்கா."

வாஸ்திரா அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.