குழாயடியில் ஓர் எழுத்தாளர்

ஆறுமுகத்தாய் கதை எழுதுகிறாள் என்ற செய்தி தாராவியில் பாதிப் பேருக்குத் தெரிந்த பிறகுதான் ஆறுமுகத்தாயின் காதுக்கு வந்தது. முப்பிடாதியம்மாளின் கொழுந்தன் மாதுங்காவில் ஒரு மெஸ்ஸில் சாப்பிடுகிறவன். அங்கே கிடந்த தமிழ் வாரப் பத்திரிகையில் பார்த்தானாம், வீட்டில் சொன்னானாம். முப்பிடாதியம்மாள் வீட்டில் சொல்வதும் குழாயடியில் சொல்வதும் ஒன்றுதான்.

அன்று காலை, வரிசையில் வைத்துவிட்டுப் போயிருந்த ஆறுமுகத்தாயின் குடம் சாக்கடையோரம் உருண்டு கிடந்தது.

"எவ பாத்த வேலட்டி இது?"

"நாந்தான் தாயி," என்றாள் முப்பிடாதியம்மாள். "ஓட்ட டப்பாவ வரிசையில போட்டு எடம் புடிச்சிட்டு, போயித் தூங்குத ஒருத்தியப் பத்தி எழுதியிருக்கியாமே. அவளுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தியாமே."

எல்லோரும் முப்பிடாதியம்மாளின் மூக்கைப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் மின்னியது.

"கதையா? நானா?" ரேஷன் கடையில் பெருவிரலை உருட்டுகிறவள் ஆறுமுகத்தாய். "எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதேக்கா."

"பேரு போட்டிருக்கே! திருமதி ஆறுமுகத்தாய், பம்பாய். திருமதியாம்லா!"

குடம் உருண்டதை விட அந்த 'லா'தான் அவளுக்கு வலித்தது.

கணவன் பூலோகம் தோல் குடோனில் கணக்கு எழுதுகிறவன். சாயங்காலமானால் ஜஹாங்கீரின் இரானி ஹோட்டலில் ஒரு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சீட்டாடுகிறான் என்று நினைத்து அவள் இத்தனை நாளும் நிம்மதியாக இருந்தாள்.

"நீரு கதை எழுதுதீரா?"

"சும்மா, ஒரு பொழுதுபோக்குக்கு..."

"ஒமக்குப் பொழுது போச்சு, எனக்குக் கொடம் போச்சு. எதுக்குய்யா எம் பேரப் போட்டீரு?"

"எம் பேர்ல அனுப்புனதெல்லாம் போன வேகத்துல திரும்பி வந்துட்டு ஏட்டி. ஊருல பாதி ஆம்பிளை பொண்டாட்டி பேர்லதான் எழுதுதான். பொம்பள பேருன்னா ஆசிரியர் கவரையாவது பிரிக்காரு."

வாசித்துக் காட்டச் சொன்னாள். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். கதையின் கடைசியில் டப்பாக்காரி மனம் திருந்தி, ஊராரிடம் மன்னிப்புக் கேட்டுக் கண்ணீர் விட்டாள்.

"ச்சீ! முப்பிடாதிக்கா திருந்துனாளா? யாரு நம்புவா? அந்த டப்பாவுக்குள்ள ஒரு பாம்ப விடும்."

"பாம்பா? தாராவியிலயா?"

"வாடகைக்குச் சேட்டே வாராரு, பாம்பு வராதா?"

அன்றிலிருந்து பூலோகத்தின் இரானி டீ நின்றது. அவள் சொல்ல, அவன் எழுதினான். ஆறுமுகத்தாய் ஆயுள் முழுக்கப் பொய் சொன்னவள்தான். சேட்டிடம், மாமியாரிடம், ரேஷன் கடைக்காரனிடம். எல்லாம் தேவைக்குச் சொன்ன பொய். ஒரு தேவையும் இல்லாமல், ஒருவனும் திருப்பிக் கேள்வி கேட்காமல் சொல்கிற பொய்யின் ருசி இப்போதுதான் தெரிந்தது. அது வாளி நிறையத் தண்ணீர் வைத்துக் குளித்த மாதிரி இருந்தது. இரண்டாவது கதை அச்சில் வந்தது. டப்பாவுக்குள் நல்ல பாம்பு, அதைப் பார்த்த போலீஸ்காரருக்கு மயக்கம். பாம்பு எங்கே போனது என்று மட்டும் எழுதவில்லை. அது அவளுக்கே தெரியாது.

குழாயடியில் அவள் குடம் கடைசிக்குப் போனது போனதுதான். அவள் முறை வரும்போது குழாய் காற்றைத்தான் விடும். ஆனால் கடைசியில் நிற்கிறவளுக்கு முன்னால் நிற்கிற அத்தனை பேரையும் பார்க்கலாம்.

இந்த நேரத்தில்தான் பத்திரிகை ஆசிரியர் வானமாமலை மாதுங்காவிலிருந்து கதையோடு பூலோகம் எண் கொடுத்திருந்த ஜஹாங்கீரின் கடைக்கு ஃபோன் செய்து தகவல் சொல்லி வைத்தார். பாம்புக் கதையைத் தொடர்கதையாகப் போட அவருக்கு ஆசை. ஆனால் பெண் பேரில் ஆண்கள் எழுதி அவர் ஏற்கெனவே ஏமாந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி கூப்பிடுவார். அந்த அம்மாளே எடுத்து, தன் வாயால், நான்தான் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்தப் பேரில் இனி ஒரு வரி வராது.

ஞாயிறன்று குழாயடியில் பாதி இரானி ஹோட்டலில் நின்றது. ஜஹாங்கீர் பன் தட்டை நகர்த்தி, ஃபோனைக் கல்லா முன்னால் வைத்து, "கோயி ஹாத் நஹி லகாயேகா!" என்று அதட்டினார். ஒருவரும் தொடவில்லை.

"நாந்தான் எழுதுனேன். இத மட்டும் சொல்லு," என்று பூலோகம் கெஞ்சினான்.

"எழுதலன்னு சொல்லிரு தாயி," என்றாள் முப்பிடாதியம்மாள். "இத்தன பேரு முன்னால சொல்லிரு. நாளைக்கே ஒங் கொடத்த நானே மொத ஆளா வைக்கேன்."

"மொத கதை இவரு எழுதுனது. அதுக்கு இவர ஒதைங்க, நான் கேக்க மாட்டேன். ரெண்டாவது என்னுதுக்கா. அத எப்பிடி இல்லங்கது?"

முப்பிடாதியம்மாள் பக்கத்தில் வந்தாள். குரல் தாழ்ந்தது. "அதையும் கொழுந்தன் வாசிச்சான். ஏளா... அந்தப் பாம்பு பொறகு எங்க போச்சு?"

ஃபோன் அடித்தது.

ஆறுமுகத்தாய் முந்தானையில் கையைத் துடைத்தாள். ஃபோன் வரை நீண்ட கை பாதியில் நின்றது.

"எல்லாரும் செத்த சும்மா இருங்க," என்றாள். "பாம்பு எங்க போச்சுன்னு அவரு கேப்பாருல்லா. யோசிச்சுக்கிடுதேன்."

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.