ஏலம் ராசையா, இராயப்பராக

ஹில்டா அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. திருவொற்றியூரில் மரப்பெட்டி செய்யும் பட்டறையில் வேலை. கப்பலேறும் பெட்டிகளின் மேல் குடை, கண்ணாடிக் கோப்பை, மேல்நோக்கிய அம்பு என்று படங்கள் இருக்குமே, அவற்றைக் குத்தும் மர அச்சுகளை அவர்தான் செதுக்குகிறார். எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பதினாறு வருடப் பழக்கத்தில், பஸ்ஸில் போகும்போது கடைப் பெயர்களைக்கூட மனசுக்குள் திருப்பிப் போட்டுத்தான் படிப்பாராம்.

ஆனால் ராயபுரத்தில் எங்கள் தெருவில் அவரை எல்லோருக்கும் தெரிந்தது சிரிப்பால்தான். அடக்கத் தெரியாத சிரிப்பு. போன வருடம் அதுவே வினையாகிவிட்டது.

ஜூன் கடைசியில் இயேசுவின் சீடரான இராயப்பரின் திருவிழாவுக்கு எங்கள் கோயில் மைதானத்தில் நாடகம் நடக்கும். ஒன்பது வருடமாக இராயப்பர் வேஷம் ராசையா அண்ணனுக்குத்தான். ஹில்டா அக்காவுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். நாடகத்தில், இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, "நீயும் அவரோடு இருந்தவன்தானே?" என்று ஒரு வேலைக்காரி கேட்பாள். சேவல் கூவுவதற்குள் இராயப்பர் மூன்று முறை, அவரைத் தெரியாது என்று மறுதலிக்க வேண்டும். வேலைக்காரியாக நடித்தது ஹில்டா அக்கா. இரண்டு முறை அண்ணன் சரியாக, தெரியாது என்றார். மூன்றாம் முறை ஏலத்து வாய் முந்திக்கொண்டது. "மூணு தரம்" என்று ஓங்கிச் சொல்லிவிட்டார்.

முதலில் சிரித்தது ஹில்டா அக்கா. பிறகு மைதானமே சிரித்தது. அண்ணன் தாடியைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இனி வேஷம் கட்டுவதில்லை என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டார். ஹில்டா அக்காவோடு பேச்சும் நின்றது. மன்னிப்புக் கேட்க அக்கா இரண்டு முறை போனார். இரண்டு முறையும் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இந்த ஜனவரியில் பட்டறைக்கு வந்த ஜப்பான் இயந்திரத்தோடு ஒரு காலண்டரும் வந்தது. முழுக்க அந்த நாட்டுப் பழைய மரஅச்சுப் படங்கள். ஒரு தாளில், முதுகில் தீ எரிய, ஒரு கையில் வாளும் மறுகையில் கயிறுமாக, ஒரு கண்ணை உருட்டி முறைக்கும் சாமி. ஒவ்வொரு முடியும் தனித்தனியாகச் செதுக்கப்பட்டிருந்ததைப் பார்த்து அக்கா சொக்கிப்போய், அதை மாதா படத்துக்குக் கீழே ஒட்டினார். எந்த ஊர்ச் சாமியாக இருந்தால் என்ன? தினமும் காலையில் மாதாவுக்குச் சிலுவை போடும்போது அதற்கும் சேர்த்தே போட்டார்.

ஏப்ரலில், கூட வேலை செய்யும் ஷம்ஷாத் வீட்டுக்கு வந்தார். படத்துக்குக் கீழே இருந்த ஜப்பான் வரியின் மேல் போனைக் காட்டினார். போன் மொழிபெயர்த்துக் கொடுத்தது.

"இது சாமி இல்லடி. நாடகக்காரன். சாமி வேஷம் கட்டிகினு நிக்கிறான், பேரு கூட போட்டு கீது. மூணு மாசமா ஒரு ஆக்டருக்கா சிலுவ போட்டுகினு இருந்த?"

ஹில்டா அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அவன் மூஞ்சி அவன் மூஞ்சியாவேதான் கீது. அதுலயே சாமியும் தெரியுது பாரு. அதான் போட்டேன்."

அந்த முறைப்பை எங்கேயோ பார்த்த ஞாபகம். எங்கே என்பது சட்டென்று பிடிபட, மறுநாள் விடியலில் காசிமேட்டுக்குப் போய்க் கூடைகளுக்குப் பின்னால் நின்றார். ஏலத்தை முடிப்பதற்கு முன் ராசையா அண்ணன் கையைத் தூக்கி, ஒரு கண்ணை உருட்டி, ஒரு மூச்சு நேரம் அசையாமல் நிற்பார். கூட்டம் கப்சிப் ஆகிவிடும். மேடையிலோ அவர் தலையைச் சாய்த்து, குரலைக் குழைத்து, யாரோ ஒரு ஆளாகிவிடுவார்.

அந்த ஜப்பான் இயந்திரம் வந்த பெட்டியின் பலகையில் அக்கா செதுக்க ஆரம்பித்தார். கறுப்புக்கு ஒரு கட்டை, சிவப்புக்கு ஒரு கட்டை. தாளைக் கட்டைமேல் விரித்துக் குழம்புக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தார். ஒரு கையில் இயேசு இராயப்பருக்குக் கொடுத்த சாவி, மறுகையில் வலை, முதுகுக்குப் பின்னால் தீபோல எழும் அலை, உருட்டிய ஒரு கண். கீழே, "ஏலம் ராசையா, இராயப்பராக."

அதை ஏலக் கொட்டகைத் தூணில் ஒட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். மறுபடியும் கேலி செய்வதாக அண்ணன் நினைத்துவிட்டால், ஜென்மத்துக்கும் பேச மாட்டார்.

அண்ணன் வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எனுக்கு கண்ணு இப்டியா கீது?"

ஏலத்தில் எடுத்து மீன் விற்கும் சிவந்தி அக்காதான் பதில் சொன்னார். "மூணாந் தரத்துக்கு முன்னாடி இப்டிதான் முழிப்ப. அத்தப் பாத்து பயந்துதான நாங்க வெலைய ஏத்தறோம்."

அண்ணன் ஹில்டா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீ சிரிச்ச."

"சிரிச்சேன்ணே. தப்புதான்."

"வேலக்காரியா நீயே வா. ஆனா இந்த வாட்டி சிரிக்கக் கூடாது."

ஜூன் கடைசியில் மைதானம் நிரம்பியிருந்தது. ஹில்டா அக்கா மூன்றாம் முறை கேட்டார். ராசையா அண்ணன் தலையைச் சாய்க்கவில்லை. கையைத் தூக்கினார், கண்ணை உருட்டினார், படத்தில் இருந்தபடியே நின்றார். குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை.

"அந்த மனுசன எனுக்குத் தெரியாது."

சேவல் கூவியது. ஹில்டா அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார், சிரிக்கவில்லை. அப்போது முன்வரிசையில் ஒரு கை மட்டும் மேலே நின்றது. சிவந்தி அக்காவின் கை. அந்த முறைப்பைக் கண்டதும், ஏலம் கேட்கிற பழக்கத்தில் தானாகவே ஏறிவிட்டது.

அதைப் பார்த்து இந்த முறை முதலில் சிரித்தவர் இராயப்பர்.