அடுப்பில் எரிந்த மஞ்சள் வளையம்

எங்கள் தெருவுக்கு முதல் டி.வி. பெட்டி வந்து, ஆன்டெனாவை வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடிய வருஷம் அது. இல்லை, அதற்கு முந்தின வருஷமோ? என் மயிலைக் காளைக்குக் கோமாரி வந்ததும் அப்போதுதான். சரி, எண்பதுகளில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவில் ஸ்டேஷனில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

காட்டு மரங்களை ஆராய்ச்சி செய்கிற சார் ஒருவர் ரயிலில் வந்து இறங்குவார். ராயகிரிக்கு மேற்கே மலையடிவாரம் வரை அவர் சாமான்களை என் வண்டியில்தான் கொண்டுபோவேன். ஒருதடவை என்னையும் மேலே கூட்டிப்போனார். காற்றில் சாய்ந்த பெரிய மரம் ஒன்று கிடந்தது. அடையாளத்துக்கு மஞ்சள் பெயின்டில் வளையம் போட்டிருந்தார். மக்கிய பட்டை மேலேயே விரல் உயரத்துக்குக் கன்றுகள் முளைத்திருந்தன. பெரிய மரம் விழுந்த இடத்து வெளிச்சத்தில் எந்தக் கன்று பிழைக்கிறது, எது சாகிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்துவந்தார்.

"காடு தன்னைத் தானே எப்படி நட்டுக்குதுன்னு இதுல தெரியும் அண்ணாச்சி" என்றார்.

ராயகிரியிலிருந்த என் மச்சினனிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"செத்த மரத்துக்கு நாடி பிடிச்சுப் பாக்க ஒரு ஆளா அத்தான்? அதுக்குச் சம்பளம் வேறயா?"

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவன் ஊர்க்காரர்கள் சங்கரன்கோவிலுக்கு வந்து, கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவார்கள். பச்சை மரத்தை வெட்டமாட்டார்கள். சாமி பேரில் போடும் சோறு, மலையில் தானாக விழுந்த விறகில்தான் வேகவேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு. அந்த வருஷம் சாரையும் பந்திக்கு அழைத்திருந்தேன். சோற்றைப் பிசைந்த அவர் கை சட்டென்று நின்றது. அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். அடுப்பில் எரிகிற கட்டையில் மஞ்சள் பெயின்ட் கொப்புளித்துக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் கட்டையை இழுத்துத் தண்ணீரை ஊற்றினேன்.

"என்ன அத்தான், சாமி சோறு வேகுத அடுப்ப அணைக்கிய?" என்று மச்சினன் கத்தினான்.

சார் எழுந்து வந்து கட்டையருகே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"இதுமேல சின்னச் சின்னக் கன்னு இருந்துச்சே..."

"அதுவா? களை மாதிரில்லா மொளச்சுக் கெடந்துச்சு. பிடுங்கி எறிஞ்சுட்டோம். பச்சை மரத்துல கத்தி படல சார், சத்தியமா!"

அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சார் திரும்பிப்போய் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு வண்டி கட்டச் சொன்னார். அப்புறம் அவர் இந்தப் பக்கம் வரவே இல்லை.

மச்சினன் சாகும்வரை தான் செய்தது புண்ணியம் என்றே நினைத்திருந்தான். அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் கன்றுகளில் எது மரமாகியிருக்கும் என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லையே, அது மட்டும் மனசில் ஆறமாட்டேன் என்கிறது. மலைக்கு விறகுக்குப் போகிறவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், விழுந்த மரத்தில் கை வைக்கும் முன் அதன்மேல் என்ன முளைத்திருக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.