அத்தை போட்ட கையெழுத்து

நாற்பத்தாறு வயதில் எனக்கு இரண்டாவது கல்யாணம் நடந்தது. அதற்குச் சட்டம் என்னிடம் கேட்டது அதிகமில்லை. வயதுக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், மூன்று சாட்சிகள், முதல் கணவரின் இறப்புச் சான்றிதழ். மற்றதையெல்லாம் ஒரு வாரத்தில் சேர்த்துவிட்டேன். கடைசியாகச் சொன்னது மட்டும் என் மாமியாரின் பீரோவில் இருந்தது.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். என் கணவர் மாரடைப்பில் போய் அப்போது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் போன பிறகு நான் எங்கே இருப்பது, அத்தை எங்கே இருப்பது என்று நாங்கள் இருவரும் ஒருநாள்கூட உட்கார்ந்து பேசியதில்லை. சிகந்தராபாத்தை ஒட்டிய போலாரத்தில் அதே வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டோம். நான் பக்கத்துப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போவேன். அத்தை சமைப்பார். சாயங்காலம் இருவரும் டி.வி. பார்ப்போம். அத்தையின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து சிகந்தராபாத்துக்கு வந்தது. தமிழும் தெலுங்கும் இந்த ஊர் உருதுவும் அவருக்கு ஒரே மூச்சில் வரும். 'எதுக்கு' என்பதற்குக் 'கைக்கு' என்பார், 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்பார்.

நான் கட்டிக்கொண்டவரை முதலில் கண்டுபிடித்ததே அத்தைதான். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மறுபரிசோதனைக்குப் போயிருந்தோம். பக்கத்து நாற்காலியில் ஒற்றைக் கண்ணில் கட்டுப் போட்டபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தன் டோக்கன் நம்பரை இன்னும் கூப்பிடாததால், "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கச் சொல்லுதாவளோ" என்று தனக்குத்தானே தமிழில் முணுமுணுத்தார். அத்தை விடுவாரா?

"இன்னாப்பா, தமிழா? கண்ணுக்கு இன்னா ஆச்சு?"

ராமச்சந்திராபுரத்தில் பெரிய தொழிற்சாலையில் வேலை, கண்ணில் இரும்புத் துகள் விழுந்துவிட்டது, திருநெல்வேலிக்காரர், வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, தங்கைகள் மூவருக்கும் கல்யாணம் செய்து வைத்ததில் தனக்குச் செய்துகொள்ள விட்டுப்போயிற்று, அம்மாவும் போய்விட்டார். இவ்வளவையும் டாக்டர் கூப்பிடுவதற்குள் அத்தை கேட்டு முடித்துவிட்டார். டப்பாவில் கொண்டு போயிருந்த உப்புமாவில் பாதியை அவருக்கு ஒரு மூடியில் வைத்துக் கொடுத்தார். மறுக்காமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்கூட்டரில் முப்பது கிலோமீட்டர் வந்து போக ஆரம்பித்தார். அத்தையின் கண்ணை விசாரிக்க வருவதாகத்தான் பேச்சு. அத்தையின் கண் சரியாகி ஒரு வருஷம் ஆனபிறகும் வந்துகொண்டிருந்தார். குழாயில் வாஷர் மாற்றுவார், மிக்சியைப் பிரித்துப் பார்ப்பார். என்னை அவர் 'டீச்சர்' என்று கூப்பிட்டார். ஒருநாள் கேட் வரைக்கும் வழியனுப்பப் போனபோது, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தலையில் போடாமலே நின்றார்.

"டீச்சர், நான் ஒண்ணு கேக்கலாமா? இல்லன்னு சொன்னாலும் நான் அம்மாவைப் பாக்க வருவேன். அதுல மாத்தம் இல்ல."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொன்னேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. சொல்லத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

அவர் கிறிஸ்தவர். நான் கோயிலுக்குப் போகிறவள். சர்ச்சில் நடத்தினாலும் கோயிலில் நடத்தினாலும் யாராவது ஒருவர் எதையாவது விட வேண்டியிருக்கும் போலிருந்தது. யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்துகொள்வோம் என்று முடிவு செய்தோம். அதற்கு முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தின் பலகையில் அது முப்பது நாள் தொங்கும். அவர் குடியிருக்கிற பகுதியின் அலுவலகத்துக்கும் ஒரு நகல் போகும். யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால், அடுத்து வருகிற ஒரு நாளில் மூன்று சாட்சிகளோடு போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

இதை அத்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உப்புமா கொடுத்தது வேறு, இது வேறு என்று நினைத்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், உங்கள் பிள்ளை செத்ததற்கான காகிதத்தைக் கொடுங்கள், நான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று எப்படிக் கேட்பது? பள்ளியில் பதிவேட்டுக்குக் கேட்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அத்தை பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, சான்றிதழை என்னிடம் கொடுத்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. நனையாம பாத்துக்க கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

நோட்டீஸ் கொடுத்த அன்று கவுன்டரில் ஒரு அம்மாள் எங்கள் காகிதங்களைப் பொறுமையாகப் பார்த்தார். விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. "இன்ட்டி பேரு?" என்று கேட்டார். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் என்று தெலுங்கில் விளக்கினேன். சிரித்துக்கொண்டே, தமிழர்கள் வந்தால் இதிலேயே அரை மணி போய்விடும் என்றார். அதற்குப் பிறகு இறப்புச் சான்றிதழை எடுத்தவர் சிரிக்கவில்லை.

என் ஆதாரிலும் பழைய ரேஷன் கார்டிலும் என் கணவரின் பெயர் ஒரு விதமாக இருந்தது. சான்றிதழில் அவருடைய அப்பா பெயர் குடும்பப் பெயர்போல முழுதாக முன்னால் வந்து, அவருடைய சொந்தப் பெயரில் ஓர் எழுத்தும் குறைந்திருந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் யார் எதைக் கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று எனக்கு எதுவுமே நினைவில்லை. ஒன்பது வருஷமாக அந்தக் காகிதத்தை நான் சரியாகப் படித்ததும் இல்லை.

"நோட்டீஸை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கல்யாண நாளுக்குள் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று அஃபிடவிட் வேண்டும். நீங்கள் போட்டால் போதாது. அவருடைய ரத்த சம்பந்தம் யாராவது போடட்டும்" என்றார் அந்த அம்மாள்.

அவருடைய ரத்த சம்பந்தம் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

வெளியே வந்ததும் நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் சொன்னார்: "டீச்சர், அம்மாகிட்ட நான் வந்து பேசுதேன்."

"வேண்டாம், நானே சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது.

பதின்மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து வந்தபோது அத்தை சமையலறையில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கீழ் வீட்டு அம்மா பிளாட் ரிஜிஸ்ட்ரேஷனுக்குப் போயிருந்தாளாம். போர்டுல உன் போட்டோ ஒட்டியிருக்காமே."

நான் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றேன்.

"நல்லா விழுந்திருக்கா? போன தடவை ஆதார்ல பேய் மாதிரி இருந்தே."

"அத்தை…"

"ஸ்கூலுக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போனே. கைக்கு? எங்கிட்ட உள்ளதைச் சொல்லிக் கேட்டா குடுக்க மாட்டேன்னு சொல்லிடுவேனா?" இப்போதுதான் நிமிர்ந்தார். "அவன் போனப்புறம் இந்த வீட்டுல நாம ரெண்டு பேருந்தான். நமக்குள்ள பொய் வேண்டாம்னு இருந்தேன். ஊர்ல உள்ளவ சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா?"

அழுதேன். அத்தை என்னைத் தேற்றவில்லை. அவரைக்காயை முடித்து, தாளித்து, சாப்பாடு போட்டார். அன்றும் மறுநாளும் அடுப்பும் குக்கரும்தான் வீட்டில் சத்தம் போட்டன. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் அவர் வந்தார். விஷயம் தெரிந்துவிட்டது என்று போனில் சொல்லியிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அத்தையின் எதிரில் போய் நின்றார்.

"அம்மா, தப்பு என் மேலயும் இருக்கு. மொதல்ல உங்ககிட்டதான் வந்து கேட்டிருக்கணும்."

"உக்காருப்பா" என்றார் அத்தை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. இவளை எங்க கூட்டிட்டுப் போவே? ராமச்சந்திராபுரத்துக்கா?"

அந்தக் கேள்வியைக் கேட்கும்போதுதான் அவர் கை முந்தானையை முறுக்குவதைப் பார்த்தேன். கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி பயம். எழுபத்து நான்கு வயதில் அந்த வீட்டில் தனியாக இருக்கப் போகிறோமா என்ற பயம். அது எனக்குத் தோன்றவேயில்லை. தனியாக விடுவதாக நாங்கள் ஒருபோதும் நினைக்காததால், அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட எங்களுக்குப் படவில்லை.

"நான்தான்மா இங்க வாரேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்தாச்சு. உங்களுக்குச் சம்மதம்னா."

"தினம் முப்பது கிலோமீட்டரா? இந்த டிராஃபிக்லயா?"

"காலையில சீக்கிரம் கெளம்பிட்டா ரோடு காலியாத்தான் இருக்கும்லா."

அத்தை முறுக்கிய முந்தானையை உதறிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "டீ போடு. அவனுக்குச் சக்கரை கம்மி" என்றார். நான் சமையலறைக்குள் போகும்போது பின்னாலிருந்தே கேட்டார். "அந்த காயிதத்துல ஏதோ பேரு தப்பா இருக்குன்னு இழுத்தடிக்கிறாங்களாமே. யார் கையெழுத்துப் போடணும்?"

கீழ் வீட்டு அம்மாளுக்கு அந்த விவரம் தெரிந்திருக்காது. ஹாலில் உட்கார்ந்திருந்தவர்தான் வருவதற்கு முன்பே போனில் அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் இன்றுவரை கேட்கவில்லை.

அந்த வாரமே நோட்டரியிடம் போனோம். அலுவலகத்துக்கு வெளியே ஜெராக்ஸ் கடையை ஒட்டி மேஜை போட்டிருந்தார். ஸ்டாம்ப் பேப்பரில் ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொண்டுவந்து, இங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினார். அத்தை பேனாவைத் தொடவில்லை.

"படிச்சுச் சொல்லாம போட மாட்டேன்."

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மேலே கண்ட இரண்டு பெயர்களும் என் மகனையே குறிக்கும். அவர் இன்ன தேதியில் காலமானார். இந்த விவரம் நான் அறிந்தவரை உண்மை. 'காலமானார்' என்ற வரியையே இரண்டாம் தடவையும் சொன்னேன். அத்தை என் முழங்கையைப் பிடித்து, "மேல படி" என்றார்.

முடித்ததும் அத்தை அந்த இரண்டு பெயர்களின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். "ரெண்டுமே நான் கூப்பிட்ட பேரு இல்லையே" என்று என்னிடம் சொன்னார். பிறகு நோட்டரியைப் பார்த்து, நான் என் பிள்ளையை வேறு பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன் என்று தெலுங்கில் சொன்னார்.

நோட்டரி நல்ல மனிதர். காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அதையும் சேர்த்து அடித்துவிடலாமா, இன்னொரு பெயர் என்று போட்டுவிட்டால் பின்னால் சிக்கல் வராது என்றார்.

"நக்கோ" என்றார் அத்தை. "அது எங்க வீட்டுல கெடக்கட்டும். கவர்மென்ட்டுக்குக் கைக்கு?"

பிறகு பேனாவை வாங்கி, சின்ன வயதில் தமிழ்ப் பள்ளியில் கற்ற அதே உருண்டை எழுத்தில், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டார். அவர் அழுதது எனக்குத் தெரியும். கண்ணில் தூசி என்று சொல்லவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஆட்சேபம் எதுவும் வரவில்லை. முப்பது நாள் முடிந்த அடுத்த வாரம், ஒரு புதன்கிழமை காலை, மூன்று சாட்சிகளோடு போனோம். என் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர், அவருடைய தொழிற்சாலையிலிருந்து ஒரு நண்பர், அத்தை. அத்தை மாம்பழ நிறப் பட்டு உடுத்தியிருந்தார். என்னையும் நைலக்ஸ் புடவையில் வர விடவில்லை.

அதிகாரி எங்கள் இருவரையும் எதிரில் நிற்கவைத்து, சட்டப்படி சொல்ல வேண்டிய ஒரு வரியைச் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்திலா தெலுங்கிலா என்று கேட்டார். மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, தமிழில் சொல்லலாமா என்று கேட்டார். உங்கள் இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும் சொல்லலாம், சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது, எனக்குப் புரிய வேண்டும் என்றில்லை என்று அதிகாரி சொன்னார்.

"டீச்சர், உங்களைச் சட்டப்படி என் மனைவியா ஏத்துக்கிடுதேன்" என்றார் இவர்.

"டீச்சர்னு பேரா அவளுக்கு? பேரைச் சொல்லுப்பா!" என்றார் அத்தை பின்னாலிருந்து.

முதல் முறையாக என் பெயரைச் சொன்னார். காது வரைக்கும் சிவந்துவிட்டது அவருக்கு. நானும் சொன்னேன். என் குரல் வகுப்பில் வருவதுபோலச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து அறையில் பத்திரம் பதிய வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சாட்சிகள் கையெழுத்துப் போடும்போது கவுன்டர் அம்மாள் அத்தையிடம், நீங்கள் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். "அத்தம்மா" என்றார் அத்தை. தெலுங்கில் அதற்கு மாமியார் என்று பொருள். அப்படியானால் மாப்பிள்ளையின் அம்மாவா என்று கேட்டு, கைகூப்பி வாழ்த்தினார் அந்த அம்மாள். அத்தை மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து அத்தையின் காலைத் தொட்டார்.

மத்தியானம் வீட்டில் பாயசத்தோடு சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் அவர் கிளம்பிவிட்டார். மறுநாள் காலை ஷிப்ட்; குவார்ட்டர்ஸை ஒப்படைக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. "கல்யாணத்தன்னிக்கே ஓடுறான் பாரு, இவன்லாம் ஒரு மாப்பிள்ளை" என்று அத்தை அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மினி லாரியில் சாமான்களோடு வந்தார். ஒரு கட்டில், இரண்டு டிரங்குப் பெட்டி, பிரித்துப் போட்ட மூன்று ஃபேன்கள், ஒரு ஃப்ரிட்ஜ். எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இதை எங்கே வைப்பது என்று நான் திகைத்து நின்றேன். அத்தை இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு படியில் நின்றபடி சாமான் இறக்குகிறவர்களிடம் தெலுங்கில் உத்தரவு போட்டுவிட்டு மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"அதை ஹால்ல வை. நான்வெஜ் எதுவானாலும் அதுல. என் ஃப்ரிட்ஜுல கை வச்சா கொன்னுடுவேன்."

"ஹவ் அம்மா" என்றார் அவர், 'சரி' என்பதற்கு இந்த ஊர் பாஷையில், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக.