நாற்பதில் பதினொன்று

“தேர்வர் எண் 4417. பெண், வயது நாற்பத்திரண்டு. கண், தோள், தொண்டை மூன்றையும் பயன்படுத்திப் பின்வரிசைக்கு விடை கடத்தியவர். சைகையில் நெடுநாள் பயிற்சி உள்ளவர். சைகைகளை நினைத்தபோது தொடங்கவும் நினைத்தபோது நிறுத்தவும் வல்லவர்.”

ஸர்கா நகரத் தேர்வு விசாரணைக் குழு ருதைனாவைப் பற்றி எழுதி வைத்தது இது. கடைசி வரி மட்டும் உண்மையாக இருந்திருந்தால் அவளே குழுவுக்கு ஒரு தட்டு குனாஃபா இனிப்பு வாங்கிக்கொண்டு போயிருப்பாள்.

ஏழு வயதிலிருந்து அவள் கண் தானாகச் சிமிட்டுகிறது. வலது தோள் துள்ளுகிறது. தொண்டையிலிருந்து குட்டி நாய் இருமுவதுபோல ஒரு சத்தம் வரும். வகுப்பில் மிஸ் “நிறுத்து” என்றாள். வீட்டில் அப்பா “நிறுத்து” என்றார். இரண்டு இடத்திலும் அடி கிடைத்தது. தோள் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. ஷேக் ஒருவர் ஓதி ஊதினார். டாக்டர் ஒருவர் கொடுத்த மாத்திரையில் தோள் அடங்கியது, கூடவே ருதைனாவும் அடங்கி நாள் முழுக்கத் தூங்கினாள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் அவளை விட்டது. துணி திருத்தும் கடையில் ஸிப் மாற்றும் வேலைக்குப் போனாள். தையல் மெஷினில் குனிந்துவிட்டால் உடம்பு ஒழுங்காக இருக்கும். எழுந்து நின்றதும் ஆரம்பித்துவிடும்.

மூத்த மகன் லைத் தௌஜீஹி என்னும் பள்ளி இறுதிப் பரீட்சையில் தேறிய அன்று தெருவெல்லாம் கார் ஹாரன். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் தானும் அந்தப் பரீட்சையை எழுதப் போவதாக அறிவித்தாள்.

“நீயா? ஹால்ல அந்தத் தோளை எங்க வைப்ப?” என்றான் கணவன்.

“கூடவே எடுத்துட்டுப் போவேன். உன்கிட்ட விட்டுட்டுப் போனா அதையும் தொலைச்சிருவ.”

ஆனால் கேள்வி நியாயமானது. ஊர் முழுக்க விசாரித்ததில், மாத்திரை இல்லாமல் இதற்குப் பயிற்சி கொடுக்கத் தெரிந்தவள் என்று அம்மானில் ஒருத்திதான் அகப்பட்டாள். பெயர் லமீஸ். அவளைப் பார்க்கவே எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் நாள் லமீஸ், லைத்தின் அம்மா என்று அவளை அழைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

“உம்மு லைத், அது வர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு எங்க தெரியுது?”

முப்பத்து நான்கு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. ருதைனா யோசித்துச் சொன்னாள்: “தோளுக்குக் கீழ. தும்மல் வரப் போற மாதிரி.”

“அங்கதான் நாம பிடிக்கணும். அது தெரிஞ்சதும் முழங்கையை விலாவோட அழுத்திக்கோங்க. அந்த நமைச்சல் போற வரைக்கும் விடாதீங்க. தொண்டைக்கு, வாயை மூடி மூக்கால மெதுவா மூச்சு. குணமாயிடும்னு நான் சொல்லல. கொஞ்சம் உங்க பேச்சைக் கேக்கும், அவ்வளவுதான்.”

செவ்வாய்தோறும் பஸ். மற்ற நாட்களில் ஸிப்புக்கு நடுவே பயிற்சி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு. ஒரு வருடத்தில் பாதி குறைந்தது.

கணக்குப் பரீட்சையன்று முதல் அரைமணி முழங்கை விலாவை விட்டு நகரவில்லை. பிறகு பதற்றம் ஏற ஏற, மிச்சமிருந்த பாதி ஆரம்பித்தது. மேற்பார்வைக்கு வந்த மிஸ் சஹர் மூலையில் நின்று எண்ணி எழுதிக்கொண்டாள்: கண் ஒருமுறை என்றால் அ, இருமுறை என்றால் ஆ, தோள் என்றால் இ, தொண்டை என்றால் ஈ. பிறகு சரியான விடைத்தாளோடு ஒப்பிட்டாள். நாற்பதில் பதினொன்று பொருந்தியது. விடைத்தாள் ரத்து, அடுத்த இரண்டு பரீட்சைகளுக்குத் தடை என்று கடிதம் வந்தது. மறுப்பு இருந்தால் நேரில் வரலாம்.

குழுவின் தலைவர் உஸ்தாத் நாயிஃப், இருபது வருடம் கணக்கு கற்பித்தவர். அவர் பக்கத்தில் மிஸ் சஹர் இருக்கைப் பட்டியலோடு இருந்தாள். ருதைனா லமீஸோடு போய் உட்கார்ந்தாள். முழங்கையை விலாவில் அழுத்தி, மூக்கால் மூச்சு விட்டாள்.

உஸ்தாத் கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து நிமிஷமா சும்மாதானே இருக்கீங்க? நோய் எங்கம்மா?”

“இதுக்குத்தான் ஒரு வருஷம் பயிற்சி, உஸ்தாத். நீங்க கண்ணாடி போட்டு நல்லாத்தானே படிக்கிறீங்க, அதுக்காக உங்க கண்ணு சரியா இருக்குன்னு சொல்லுவாங்களா?” என்றாள் லமீஸ்.

“அப்ப, வேணும்னா அடக்க முடியும். அடக்க முடிஞ்சா அது வேணும்னே செய்யறதுதான்.” அவர் ருதைனாவின் பக்கம் திரும்பினார். “சரி, இங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

விட்டுவிட்டால் போதும். முழங்கையை எடுத்தால் தோள் தானே சாட்சி சொல்லும். ருதைனாவுக்கு முகம் கொதித்தது. முழங்கையை இன்னும் அழுத்தினாள்.

“காட்ட மாட்டேன். நிறுத்தலைன்னு பள்ளிக்கூடத்துல அடிச்சீங்க. இப்ப நிறுத்திட்டேன்னு தண்டனை. ஆடிக் காட்டினா மன்னிப்பு. நான் என்ன உங்க வீட்டுக் கல்யாணத்துல ஆடவா வந்திருக்கேன்?”

“உம்மு லைத், நிதானம்...” என்றாள் லமீஸ்.

“நிதானமாத்தான் கேக்குறேன். ஒரு கேள்விக்கு நாலு விடை, நாற்பது கேள்வி. கண்ணை மூடிட்டுக் குத்தினா எத்தனை சரியா வரும், உஸ்தாத்?”

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அவர் உதடு மட்டும் அசைந்தது.

“பத்து. நிகழ்தகவு அத்தியாயம், பரீட்சைக்காகப் படிச்சேன். மிஸ் சஹர் கண்டுபிடிச்சது பதினொன்னு. ஒரு விடைக்காக எனக்கு ரெண்டு பரீட்சை போகுதா? சரி, நான் யாருக்கு அனுப்பினேன்? எனக்குப் பின்னாடி யார் உட்கார்ந்திருந்தா?”

மிஸ் சஹர் இருக்கைப் பட்டியலைப் புரட்டினாள். தனித்தேர்வர் அறையில் எல்லாப் பிரிவும் கலந்துதான் உட்காரும். பின்னால் இருந்த பெண் தொழிற்பிரிவு, அழகுக்கலை. அன்று அவள் எழுதியது தலைமுடிக்குச் சாயம் போடும் முறைகள் பற்றிய தாள். அந்தத் தாளில் அ, ஆ, இ, ஈ கிடையாது. எல்லாம் பத்தி பத்தியாக எழுத வேண்டியவை.

மிஸ் சஹர் பட்டியலை மூடி வைத்தாள். ருதைனாவின் தொண்டை ஒரு சத்தம் போட்டது. யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

தடை நீங்கியது. விடைத்தாளைத் திருத்தினார்கள். ஆணையில் “நோயைக் கருதி இரக்கத்துடன் மன்னிக்கப்பட்டது” என்று இருந்தது. மிஸ் சஹரின் பட்டியலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ருதைனா அந்தத் தாளைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

“குத்தம் செஞ்சவங்களைத்தான் மன்னிப்பாங்க. இந்த வார்த்தையை எடுங்க.”

“அச்சாயிடுச்சும்மா. இதோட விட்டுருங்க” என்றார் உஸ்தாத்.

மூன்று முறை மனுப் போட்டாள். வார்த்தை இன்னும் அப்படியே இருக்கிறது. 4417 இன்னும் மன்னிக்கப்பட்டவர்தான்.

பரீட்சையன்று அந்த ஹாலில் ருதைனா நாற்பது கேள்விகளுக்கு விடை எழுதினாள். முப்பத்தொன்று சரி. யாருக்கும் ஒரு விடையும் சொல்லவில்லை.