பஸ் வழியில் எழுதிய இருபத்து மூன்று கல்லூரிகள்

1. விதி மாறியது

மாலை ஐந்து மணிக்கு எல்லாருடைய கல்லூரிப் பட்டியலும் கம்ப்யூட்டரில் தானாகப் பூட்டிக்கொள்ளும். மூன்றே முக்காலுக்கு ஓர் அப்பாவும் மகளும் சண்டை போட்டபடியே என் மேஜைக்கு வந்தார்கள்.

நான் ஆரோக்கியமேரி. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்து ஓய்வு பெற்றவள். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். அப்படியிருந்தும், பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியபோது எங்கள் லேபை உதவி மையமாக்கி, அதை என் தலையில் கட்டினார்கள்.

பழைய விதிப்படி பெற்றோரும் பிள்ளையும் சென்னைக்கு ரயிலேறிப் போவார்கள். எங்கே எத்தனை சீட் காலி என்று பெரிய திரையில் ஓடும். பார்த்து ஒன்றைச் சொன்னால் கையில் ஆர்டர். புது விதியில் கல்லூரிகளை நாமே வரிசையாகப் போட வேண்டும். எது ரொம்ப ஆசையோ அது முதலில். கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் கிடைப்பதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பதை எட்டிக்கூடப் பார்க்காது.

இதைச் சொல்லி "புரியுதா?" என்று கேட்டால் எல்லாரும் "புரியுதுங்க" என்பார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

2. தங்கராசுவின் வரிசை

அந்த அப்பாவின் பெயர் தங்கராசு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் குத்தகைக்கு நெல் போடுகிறவர். மகள் வெண்ணிலா நல்ல கட்ஆஃப் வைத்திருந்தாள். சென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் ஈசிஇ படிக்க வேண்டும் என்பது அவளுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆசை. பட்டியலை எழுதி அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். அவர் பூதலூர் பிரவுசிங் சென்டரில் அதை ஏற்றி, அன்று மதியம்தான் பிரிண்ட் அவுட்டை அவள் கையில் கொடுத்தார்.

வாங்கிப் பார்த்தேன். இருபத்து மூன்று கல்லூரிகள். முதலில் தஞ்சாவூரில் யாரும் சீந்தாத ஒன்று. அப்புறம் கும்பகோணம் ரோடு, பண்ருட்டி, திண்டிவனம். அந்த அரசுக் கல்லூரி இருபத்து மூன்றாவது.

"ஏன் இப்படிப் போட்டீங்க?" என்றேன்.

"புள்ள எழுதுனது ஒரு ஒழுங்காவே இல்லீங்க. சென்னைங்குது, திருப்பித் தஞ்சாவூருங்குது, மறுபடி சென்னைங்குது. நாந்தான் பஸ் வழிப்படி சீரா அடிக்கச் சொன்னேன்."

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் ஊர்களை இப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். பஸ் எந்த ஊரை முதலில் தொடுகிறதோ அது முதலில். மனிதர் இருபத்து மூன்று கல்லூரிக்கும் பத்திரிகை வைக்கக் கிளம்பிவிட்டார்.

"இது அஞ்சு மணிக்கு இப்படியே லாக் ஆனா, உங்க பொண்ணு முதல் ஸ்டாப்லயே எறங்க வேண்டியதுதான்" என்றேன். வெண்ணிலா அழவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

3. குவைத்திலிருந்து ஓடிபி

வரிசையை மாற்ற உள்ளே நுழைய வேண்டும். நுழைய, பதிவு செய்த போனுக்கு வரும் ஓடிபி வேண்டும். அந்த போன் எங்கே என்றேன்.

"தம்பிகிட்ட இருக்குங்க. குவைத்துல."

"ஏங்க அவர் நம்பரக் குடுத்தீங்க?"

"எங்க நம்பரெல்லாம் ரீசார்ஜ் போடாம அடிக்கடி செத்துப்போயிரும் மேடம். அவந்தான் ஊர் நம்பர உசுரோட வச்சிருக்கான்."

தங்கராசுவின் போனிலிருந்து தம்பிக்குப் போட்டோம், எடுக்கவில்லை. ஐந்தாறு தடவை போட்ட பிறகு, அங்கே அவருடைய மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தோம். விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவர் போனுக்கு ஓடிபி போகும்படி பட்டனை அழுத்தினேன். ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அண்ணே, நல்லாருக்கியா? அண்ணி கால் வலி தேவலையா? மேட்டூர் தொறந்துட்டான்னு சொன்னாங்க, நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வந்துருச்சா? குறுவைக்கு நாத்து விட்டாச்சா? வெண்ணிலாவ நல்லாப் படிக்கச் சொல்லு. இந்தா, நம்பர் சொல்றேன், எழுதிக்க..."

எழுதி அடித்தேன். அந்த ஓடிபிக்கு நேரம் கடந்துவிட்டது என்றது கம்ப்யூட்டர். மணி நான்கரை.

இன்னொரு ஓடிபிக்குப் பட்டனை அழுத்திவிட்டு, நானே போனை வாங்கித் தம்பியைக் கூப்பிட்டேன். "தம்பி, நான் மேரி டீச்சர் பேசுறேன். இப்ப வர்ற நம்பர மட்டும் சொல்லுங்க. வாய்க்கால் தண்ணியப் பத்தி ஒரு வார்த்த பேசுனீங்க, பொண்ணு படிப்பு போச்சு!"

ஆறு எண்களையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டார்.

வெண்ணிலா சொல்லச் சொல்ல நான் வரிசையை மாற்றினேன். இருபத்து மூன்றாவது முதலுக்கு ஏறியது. நாலு ஐம்பத்திரண்டுக்கு லாக் செய்தேன். தங்கராசு எழுந்து நின்று கும்பிட்டார். எனக்குக் கோபம் போகவில்லை. "போய் உங்க தம்பிக்குத் தண்ணி வந்துருச்சான்னு சொல்லுங்க" என்று அனுப்பிவைத்தேன்.

4. கடைசியில்

முதல் சாய்ஸே கிடைத்தது. அதைச் சொல்ல ஒரு சீப்பு பூவன் பழத்தோடு தங்கராசு மட்டும் வந்தார். பழைய பிரிண்ட் அவுட்டைத் திருப்பி மேஜையில் வைத்தார். பின்பக்கம் பேனாவில் ஏதோ ஒரு வரிசை. "மறுபடியும் பட்டியலா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. புள்ள ரயில்ல போகப்போவுது. நான் அந்த வழியில கும்பகோணம் தாண்டுனதில்ல. எங்கெங்க போவுதுன்னு கையில இருந்தா தூரம் தெரியாதுல்ல. சரியா இருக்கான்னு பாருங்க."

பூதலூர், தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம் என்று தாம்பரம் வரைக்கும் வண்டி நிற்கும் ஊர்களை எழுதியிருந்தார்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வரிசையை மாற்றிய அந்த நாளிலிருந்து யாரிடமும் "புரியுதா?" என்று கேட்டதில்லை. "இத ஏன் முதல்ல போட்டீங்க?" என்றுதான் கேட்பேன். காரணத்தைக் கேட்டால்தான் ஆள் பிடிபடுகிறார்.

தங்கராசு பழத்தோடு வந்த அன்று மட்டும் அதையும் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, பூதலூருக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் ஆலக்குடி என்று எழுதினேன்.

"அங்க அந்த வண்டி நிக்காதுங்களே" என்றார்.

"நிக்காட்டி என்ன? உங்க பொண்ணு அதயும் தாண்டித்தான போவா?"

தாளை வாங்கி இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.